24,500 டாலர் ரத்தம்: 'ப்ளட் ஃபீஸ்ட்' எப்படி ஓடியது, எங்கே சொதப்பியது

மியாமியில் வசதியான ஒரு வீடு. மகளுக்காக அம்மா ஒரு விருந்து ஏற்பாடு செய்திருக்கிறாள். சாதாரண விருந்து கிடையாது, பண்டைய எகிப்திய முறையில் அசல் விருந்து. விருந்தாளிகள் கூடத்தில் காத்திருக்கும்போது போலீஸ் உள்ளே ஓடி வருகிறது. சமையலுக்கு அமர்த்திய ஆள்தான் ஊரில் இளம்பெண்களைத் தேடிப்பிடித்துக் கொன்றவன், சமையலறையில் தயாராக இருப்பது அவர்களுடைய உடல் பாகங்கள் என்று சொல்கிறார்கள். அம்மா திருமதி ஃப்ரீமான்ட் கொஞ்சம் சங்கடப்பட்டுவிட்டு, அடடா, அப்படியானால் வந்தவர்களுக்கு இன்றைக்கு ஹாம்பர்கர்தான் போட வேண்டும் என்கிறாள்.

1963-ல் வந்த 'ப்ளட் ஃபீஸ்ட்' படத்தின் முடிவு இது. அறுபது வருடங்களாக இந்த இடத்தில் ரசிகர்கள் சிரிக்கிறார்கள். வேண்டுமென்றே எழுதிய நகைச்சுவையா, நடிப்பு தெரியாததால் வந்த விபத்தா என்பது பார்த்தால் பிடிபடாது. இந்த வகைப் படங்களின் மயக்கத்தில் பாதி அந்தக் குழப்பத்தில்தான் இருக்கிறது. மீதிப் பாதியைத் திரைக்கு வெளியே, விளம்பரத்திலும் விநியோகத்திலும் தேட வேண்டும். நான் இந்தப் படத்தை ஒரு கேஸாக எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம். மிக மலிவான சுரண்டல் படம், அதாவது அதிர்ச்சியையும் ஆபாசத்தையும் மட்டும் வைத்துக் காசு பார்க்கும் படம் என்ற சரக்கு எப்படித் தயாரானது, எப்படி விற்றது, எங்கே ஓட்டை விட்டது என்பதெல்லாம் இந்த 67 நிமிடத்துக்குள் திறந்தே கிடக்கிறது.

இரண்டு வியாபாரிகள்

இயக்குநர் ஹெர்ஷெல் கோர்டன் லூயிஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். பிறகு சிகாகோவில் விளம்பரத் தொழிலுக்கு வந்தார். தயாரிப்பாளர் டேவிட் ஃப்ரீட்மன் திருவிழாக் கூடாரங்களோடு பழகி வளர்ந்தவர், பாரமவுண்ட் நிறுவனத்தில் விளம்பர வேலை பார்த்தவர். கிரோகர் பாப் என்ற பழைய பெருச்சாளியிடம் தொழில் நெளிவுசுளிவு கற்றவரும்கூட. இந்த பாப் 1940-களில் ஒரு பிரசவக் காட்சியைப் 'பாலியல் கல்வி' என்று பெயர் போட்டு ஊர் ஊராகக் காட்டியவர். ஆண்களுக்குத் தனிக் காட்சி, பெண்களுக்குத் தனிக் காட்சி, நடுவில் சொற்பொழிவு, கடைசியில் புத்தக விற்பனை என்று அமோகமாகக் கல்லா கட்டினார்.

ஆக, இரண்டு பேரில் ஒருவர்கூட சினிமா மேல் காதல் கொண்டு வந்தவர் இல்லை. 1961 முதல் இருவரும் சேர்ந்து நிர்வாணப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதை பெயருக்கு இருக்கும், பெண்கள் உடை இல்லாமல் வெயிலில் நடமாடுவார்கள், அவ்வளவுதான் படம். நிர்வாணத்தைக் காட்டுவது மட்டும் ஆபாசம் ஆகாது என்று நியூயார்க் நீதிமன்றம் 1957-ல் சொன்ன பிறகு இந்தச் சந்தை திறந்தது. 1959-ல் ரஸ் மேயர் ஏறத்தாழ 24,000 டாலர் போட்டு எடுத்த ஒரு படம் பல மடங்கு திருப்பிக் கொடுக்க, கேமரா வைத்திருந்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் பாய்ந்தார்கள். 1963-க்குள் சந்தை நிரம்பி வழிந்தது.

பெரிய ஸ்டுடியோக்கள் தொட முடியாததாகவும், சட்டம் இன்னும் தடுக்காததாகவும் வேறு என்ன இருக்கிறது என்று இருவரும் யோசித்தார்கள். கிடைத்த விடை ரத்தம்.

இந்த இடத்தில் சட்ட ஓட்டையைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1952-ல் சினிமாவையும் பேச்சுரிமைக்குள் கொண்டுவந்தது. 1957-ல் ஆபாசத்துக்கு ஒரு வரையறை கொடுத்தது. அந்த வரையறை முழுக்கப் பாலியல் ஆர்வத்தைச் சுற்றியே இருந்தது. குடலை உருவிக் காட்டினால் என்ன தண்டனை என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒருவன் காட்டுவான் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஹாலிவுட்டின் தயாரிப்பு விதிமுறைகள் பெரிய ஸ்டுடியோக்களைக் கட்டின. ஊருக்கு வெளியே தனி ஆள் நடத்தும், காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டரை அவை கட்டவில்லை. பின்னாளில் ரசிகர்கள் இதைத் துணிச்சல் என்று கொண்டாடினார்கள். துணிச்சல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திறந்திருந்த கதவைப் பார்த்துக்கொண்டு நுழைந்தவர்கள் அவர்கள், கெட்டிக்காரத்தனம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

படப்பிடிப்பு

மியாமியில் வேறொரு நிர்வாணப் படத்துக்காக வந்திருந்த குழுவே அப்படியே இதையும் எடுத்தது. தங்கியது சூயஸ் மோட்டல். அதன் வாசலில் சிமெண்டில் ஒரு ஸ்பிங்க்ஸ் சிலை. படத்தின் டைட்டிலில் ரத்தம் வழிய வருவது அந்த ஸ்பிங்க்ஸ்தான். கதை எகிப்துக்குப் போனதில் அந்தச் சிலைக்கும் பங்கு உண்டு என்று நம்பலாம். வாடகை கொடுத்த இடத்தில் செட் இலவசமாக நிற்கும்போது யார் விடுவார்கள்?

கதை இதுதான். ஃபுவாத் ராம்சஸ் என்ற விருந்துச் சமையல்காரன் இஷ்தார் தேவதையின் பக்தன். ஐயாயிரம் வருடத்துக்கு முந்தைய ரத்த விருந்தை மறுபடி நடத்துவதற்காகப் பெண்களைக் கொன்று ஆளுக்கு ஒரு உறுப்பாகச் சேர்க்கிறான். இஷ்தார் மெசொப்பொத்தேமிய தெய்வம், எகிப்துக்குச் சொந்தமில்லை. யாரும் கவலைப்படவில்லை. தேவதையாக நிற்பது தங்க வண்ணம் அடித்த ஒரு ஜவுளிக்கடைப் பொம்மை.

அதே 1963 ஜூனில் நியூயார்க்கில் இன்னொரு எகிப்துப் படம் வெளியானது: எலிசபெத் டெய்லரின் 'கிளியோபாட்ரா'. செலவு மூன்று கோடி டாலருக்கு மேல், ஃபாக்ஸ் நிறுவனமே ஆடிப்போனது. அடுத்த மாதம் வந்த 'ப்ளட் ஃபீஸ்ட்' செலவு ஏறத்தாழ 24,500 டாலர். ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். எகிப்தைப் பற்றிய அறிவில் மலிவுப் படம் தோற்றது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதலீட்டை யார் நிம்மதியாகத் திரும்ப எடுத்தார்கள் என்று கேட்டால் விடை வேறு.

இந்தப் பணத்தில் எப்படி முடித்தார்கள்? கேமராவை லூயிஸே பிடித்தார். ஒலிப்பதிவை ஃப்ரீட்மன் பார்த்துக்கொண்டார். இசையும் லூயிஸ்தான்: ஒரு பெரிய முரசு, செல்லோ, ஆர்கன். அந்த முரசுச் சத்தம் இழவு வீட்டுப் பறை மாதிரி படம் முழுக்க விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருக்கும். பத்து நாளுக்குள் படப்பிடிப்பு முடிந்தது. பெரும்பாலான காட்சிகளில் கேமரா ஒரே இடத்தில் நிற்கும், நடிகர்கள் உள்ளே வந்து வசனத்தை ஒப்பித்துவிட்டுப் போவார்கள். நாயகி கோனி மேசன் அந்த ஜூன் மாத 'பிளேபாய்' இதழின் நடுப்பக்க அழகி. போஸ்டரில் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்பதற்காகச் சேர்த்த ஆள். அவருக்கு வசனம் நிற்கவே இல்லை என்று லூயிஸ் பின்னாளில் பேட்டி தோறும் புலம்பினார். நடிப்புக்காக எடுக்காத ஆளிடம் நடிப்பு இல்லையே என்று புலம்புவதில் என்ன நியாயம் என்பது வேறு விஷயம்.

ரத்தத்துக்கு மட்டும் அவர்கள் மெனக்கெட்டார்கள். அப்போது கடையில் கிடைத்த செயற்கை ரத்தம் கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சரி, வண்ணத்தில் ஊதாவாகத் தெரிந்தது. கோரல் கேபிள்ஸில் இருந்த ஒரு அழகுசாதனத் தயாரிப்புக் கூடத்தில் சொல்லி, வண்ண பிலிமில் சிவப்பாகவே விழும் ரத்தத்தைத் தனியாகச் செய்ய வைத்தார்கள். மூன்று வருடம் முன்பு ஹிட்ச்காக் 'சைக்கோ'வின் குளியலறைக் கொலைக்குச் சாக்லெட் சிரப் ஊற்றினார், படம் கறுப்பு வெள்ளை என்பதால் போதுமானதாக இருந்தது. இவர்கள் விற்கப்போவதே அந்தச் சிவப்பைத்தான், அதில் கஞ்சம் பிடிக்க முடியாது.

நாக்கு

படத்தைப் பற்றி யார் பேசினாலும் வந்து நிற்கும் இடம் மோட்டல் அறைக் காட்சி. குடித்துவிட்டு வந்த துணையை வழியனுப்பிவிட்டு ஒரு பெண் கதவைச் சாத்துகிறாள். கதவு தட்டும் சத்தம். திறந்தால் ராம்சஸ். அவளைக் கட்டிலில் தள்ளி வாய்க்குள் கைவிட்டுப் பிடுங்குகிறான். கையில் வருவது நீளமான ஆட்டு நாக்கு. நிஜ ஆட்டு நாக்கு, இறைச்சிக் கடையிலிருந்து வாங்கியது. மனித வாய்க்குள் அடங்காத நீளம்.

இந்தக் காட்சி வேலை செய்யும் விதத்தை நிதானமாகப் பார்த்தால் படத்தின் மொத்தத் தொழில்நுட்பமும் புரிந்துவிடும். ரப்பர் தோல், குழாய் வைத்துப் பீய்ச்சும் ரத்தம் எதுவும் இந்தப் பட்ஜெட்டில் இல்லை. எனவே வெட்டு விழும் நொடியைக் காட்ட முடியாது. கத்தி உயரும், கொலைகாரனின் முறைக்கும் கண்கள் வரும், அப்புறம் நேரே விளைவு: பெண்ணின் மேல் பரப்பி வைத்த உறுப்புகள், வழியும் சிவப்பு. ஆரம்பத்தில் வரும் குளியல் தொட்டிக் கொலையும், கடற்கரைக் கொலையும் இதே சூத்திரம்தான். ஒழுங்கான படம் ஒன்று விளைவைத் தொட்டுக்காட்டிவிட்டு நகர்ந்துவிடும், இங்கே கேமரா நகரவே மாட்டேன் என்கிறது. எடிட்டிங் இலக்கணப்படி அது தப்பு. 1963-ல் காருக்குள் உட்கார்ந்து பார்த்த பதினெட்டு வயதுப் பையனுக்கோ, எப்போது வெட்டுவார்கள் என்று காத்திருந்தும் வெட்டாத அந்த நீளம்தான் அதிர்ச்சி. திறமைக்குறைவு ஒரு உத்தியாக வேலை செய்த அபூர்வமான இடம் இது.

இதற்கு வெளியே திறமைக்குறைவு வெறும் திறமைக்குறைவாகவே இருக்கிறது. போலீஸ் அதிகாரிகள் இருவர் அறைக்குள் உட்கார்ந்து, துப்பே இல்லை, துப்பே இல்லை என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். துப்பறிபவன் எகிப்திய வழிபாடு பற்றிய சொற்பொழிவில் உட்கார்ந்து, இஷ்தாரின் ரத்த விருந்தைப் பற்றி முழுதாகக் கேட்கிறான். அவனுடைய காதலி வீட்டில் எகிப்திய விருந்து நடக்கப்போகிறது. இரண்டையும் முடிச்சுப்போட அவனுக்குப் படத்தின் கடைசிவரை நேரம் பிடிக்கிறது. கொலைகாரன் ஒரு காலை இழுத்து இழுத்து ஓடுகிறான், திடகாத்திரமான போலீஸ்காரர்கள் துரத்தியும் பிடிக்க முடியவில்லை. கடைசியில் அவன் தானாகக் குப்பை லாரிக்குள் ஏறி நசுங்கிச் சாகிறான்.

எனக்குப் பிடித்த அபத்தம் அதற்குச் சற்று முன்னால் வருகிறது. சடங்கு என்று சொல்லி ராம்சஸ் நாயகியைச் சமையலறை மேடையில் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்கிறான். கத்தியை ஓங்குகிறான். அவள் கண்ணைத் திறந்து ஏதோ கேட்கிறாள். கத்தியை மறைக்கிறான். மறுபடி மூடச் சொல்கிறான். மறுபடி திறக்கிறாள், சிரிக்கிறாள். ஐயாயிரம் வருட வழிபாடு இவள் கண்ணை மூடாததால் தடைபட்டு நிற்கிறது. இங்கே மட்டும் லூயிஸ் தெரிந்தே சிரிக்கிறார் என்று நிச்சயமாகச் சொல்வேன்.

விற்பனை

ஜூலை 1963-ல் இல்லினாய் மாநிலம் பியோரியாவில் ஒரு டிரைவ்-இன்னில் படம் வெளியானது. ஓடாவிட்டாலும் வெளியே தெரியாது என்பதற்காக அந்த ஊர். மறுநாள் பார்க்கப் போனபோது தியேட்டருக்கு வெகுதூரம் முன்பே கார்கள் தேங்கி நின்றன என்பது ஃப்ரீட்மன் ஆயுள் முழுக்கச் சொன்ன கதை. அவர் கதை சொல்வதில் மன்னன், அதற்கேற்பக் கழித்துக்கொள்ளலாம். மொத்த வசூல் நாற்பது லட்சம் டாலர் என்று புழங்கும் கணக்கையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். போட்ட காசுக்குப் பல மடங்கு வந்தது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

டிக்கெட்டோடு வாந்திப் பை கொடுத்தார்கள், படம் பார்க்கும்போது தேவைப்படலாம் என்று அச்சடித்து. புளோரிடாவின் சராசோட்டாவில் ஃப்ரீட்மன் தன் படத்துக்குத் தானே ஏற்பாடு செய்து நீதிமன்றத் தடை வாங்கினார், பேப்பரில் செய்தி வரட்டும் என்று. விமர்சகர்கள் கிழித்தார்கள். 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' அமெரிக்கத் திரைத்துறைக்கே களங்கம் என்றது. அதுவும் விளம்பரமாகத்தான் முடிந்தது.

இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, இங்கே விளம்பரம்தான் முதலில் பிறந்தது, படம் அதற்கு ஒட்டுப்போட வந்தது. போஸ்டர் கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்று: இதுவரை காணாத ரத்தம். அந்த ஒன்றைப் படம் நாணயமாகக் காப்பாற்றுகிறது. பழைய கூடாரக்காரர்கள் வாக்குக் கொடுத்துவிட்டு உள்ளே ஒன்றும் காட்டாமல் அனுப்புவார்கள், லூயிஸும் ஃப்ரீட்மனும் சொன்ன சரக்கைக் கொடுத்தார்கள். வாக்கில் வராத எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். நடிப்பு, தர்க்கம், வெளிச்சம், வசனம் எதையும் போஸ்டர் உறுதி சொல்லவில்லையே. டிரைவ்-இன் கூட்டத்துக்கு அது உறுத்தவும் இல்லை. காருக்குள் பாதி நேரம் பேச்சு, பாப்கார்ன், காதல். முரசுச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும்.

பட்ஜெட்டைக் குற்றம் சொல்ல முடியுமா?

காசு இல்லை, அதனால் படம் இப்படி என்று ரசிகர்கள் வக்காலத்து வாங்குவார்கள். இதற்கு ஒரு வருடம் முன்பு, 1962-ல், கான்சஸ் மாநிலத்தில் கல்விப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஹெர்க் ஹார்வி ஏறத்தாழ 33,000 டாலரில் 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' எடுத்தார். சால்ட் லேக் அருகே கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு கேளிக்கை மண்டபம், ஆர்கன் இசை, நல்ல ஒரு நடிகை. ஏறக்குறைய அதே காசு. இன்றைக்கு இரவில் தனியாகப் பார்த்தாலும் வயிற்றைப் பிசையும். 1968-ல் பிட்ஸ்பர்க்கில் ஜார்ஜ் ரொமேரோ ஒரு லட்சம் டாலருக்குச் சற்று மேலே செலவழித்து ஜோம்பி படங்களின் இலக்கணத்தையே எழுதினார், அதிலும் இறைச்சிக் கடைச் சரக்குத்தான். ஆகவே பணம் காரணமில்லை. லூயிஸ் அக்கறை எடுக்கவில்லை, எடுக்காமலே லாபம் வந்தது. ஹார்வி அக்கறை எடுத்தார், விநியோகஸ்தர் கைவிட்டார், அதற்குப் பிறகு அவர் முழுநீளக் கதைப்படமே இயக்கவில்லை. இந்த ஒப்பீடு நினைக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாகவே இருக்கும்.

மோசமான படங்களுக்கே பேர்போன இயக்குநர் எட் வுட் பக்கத்தில் லூயிஸை வைத்துப் பேசுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. எட் வுட் தான் பெரிய படம் எடுப்பதாக உண்மையிலேயே நம்பினார். அவர் படத்தில் பறக்கும் தட்டு நூலில் ஆடும்போது நாம் சிரிக்கிறோம், கூடவே அந்த மனிதர் மேல் ஒரு பிரியமும் வருகிறது. லூயிஸிடம் அந்த நம்பிக்கை கிடையாது. தன் படம் வால்ட் விட்மன் கவிதை மாதிரி, நன்றாக இல்லை, ஆனால் அந்த வகையில் முதலாவது என்று அவரே சொல்லிவிட்டார். இவ்வளவு தெளிவாக இருக்கிறவர் மேல் பரிதாபப்பட என்ன இருக்கிறது?

சிரித்துத் தள்ள முடியாத குறை ஒன்றும் உண்டு. கொல்லப்படுகிறவர்கள் எல்லாரும் இளம்பெண்கள். பெயர் ஒட்டுவதற்குள் செத்துப்போகிறார்கள். நேற்றுவரை உடையில்லாமல் காட்டிய உடலை இன்றைக்கு அறுத்துக் காட்டுகிறார்கள், கண் பார்க்கும் விதம் மாறவில்லை. பிறகு வந்த வெட்டுக்குத்துப் படங்கள் பலவும் ரத்தத்தோடு இந்தப் பழக்கத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டன. முன்னோடி என்று பட்டம் கொடுப்பவர்கள் இந்தச் சொத்தையும் கணக்கில் எழுத வேண்டும்.

பிறகு கிடைத்த மரியாதை

ஜான் வாட்டர்ஸ் போன்ற இயக்குநர்கள் லூயிஸை வெளிப்படையாகக் கொண்டாடினார்கள். பிரிட்டனில் 1980-களில் வன்முறை வீடியோ கேசட்டுகளைப் பற்றிக் கிளம்பிய பீதியில் படம் தடைப் பட்டியலில் ஏறியது. சராசோட்டாவில் ஃப்ரீட்மன் மெனக்கெட்டு வாங்கிய தடையை இந்த முறை அரசாங்கமே இலவசமாகக் கொடுத்தது. 2005-ல்தான் அங்கே வெட்டில்லாமல் சான்றிதழ் கிடைத்தது, அதற்குள் பார்த்தே ஆக வேண்டிய படம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1990-களில் சியாட்டிலின் 'சம்திங் வியர்ட் வீடியோ' இந்தப் பழைய படப்பெட்டிகளைத் தேடி எடுத்து வீடியோவாக விற்றது. அந்த நிறுவனத்தின் பெயரே லூயிஸின் ஒரு படத்தலைப்பு. அவரோ இதற்கிடையில் படத்தொழிலை விட்டு, தபால் மூலம் விற்பனை செய்யும் விளம்பர எழுத்தில் பெரிய புள்ளியாகி, அதைப் பற்றி வரிசையாகப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார்.

1964-ல் அதே ஜோடி புளோரிடாவின் செயின்ட் கிளவுட் என்ற சிற்றூரில் 'டூ தவுசண்ட் மேனியாக்ஸ்' எடுத்தது. பட்ஜெட் கூட, ஊர்மக்களே கூட்டமாக நடித்தார்கள், தலைப்புப் பாட்டை லூயிஸே பாடினார். கதையில் ஒரு உருப்படியான யோசனை இருக்கிறது, சிரிப்பு வேண்டுமென்றே வைத்த இடத்தில் வருகிறது. அவருக்கும் தன் படங்களில் அதுவே பிடித்தது. முதல் படம் அளவுக்கு அது சம்பாதிக்கவில்லை. அடுத்த வருடம் இன்னொரு ரத்தப் படம் முடித்த கையோடு பங்காளிகளுக்குள் பணத்தகராறு முற்றி, ஃப்ரீட்மன் லாஸ் ஏஞ்சலஸுக்கு மூட்டை கட்டினார்.

பார்க்க நினைக்கிறவர்கள் முதலில் 'ப்ளட் ஃபீஸ்ட்' ட்ரெய்லரைப் பாருங்கள். இருதய பலவீனம் உள்ளவர்கள் எழுந்து போய்விடலாம் என்று முகத்தை இறுக்கிக்கொண்டு எச்சரிப்பதிலிருந்து தொடங்கும் அந்தச் சில நிமிடங்கள் படத்தைவிட நன்றாக எடுக்கப்பட்டவை. அதோடு நிறுத்திக்கொண்டால் பெரிய நஷ்டமில்லை. முழுப் படமும் பார்த்தே தீருவேன் என்றால் நாலு நண்பர்களைக் கூட்டிக்கொள்ளுங்கள், போலீஸ் அறைக் காட்சிகளில் எழுந்து டீ போடலாம். 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' மட்டும் தனியாக.